ஏற்றம் உனக்கு, இறக்கம் எனக்கு

முஜிபுர் ரகுமான் எந்தக் கியர் சைக்கிளிலிருந்து இறங்கினாலும், இறங்கிய கையோடு சீட்டை இரண்டு விரற்கடை கீழே இறக்கிவிட்டுத்தான் நகர்வான். டைல்ஸ் கடையில் தன்னோடு வேலை பார்த்தவனின் புது சைக்கிளை ஒருநாள் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தபோதும் அப்படித்தான் செய்தான். "ஓட்டிப் பாக்கக் குடுத்தா என்னயக் குள்ளனாக்கிட்டுப் போறியேடா!" என்று அவன் கத்தியது கடைத்தெரு முழுக்கக் கேட்டது.

வருடக்கணக்காக இதைப் பார்த்துவந்த பூமிநாதனுக்கு மட்டும் காரணம் தெரியும். அவன் முஜிபுரைவிட ஒரு சாண் குட்டை.

இருவரும் காரைக்குடியில் ஒரே தெரு. ப்ளஸ் டூ முடித்த வருடம் முஜிபுரின் அக்கா நாதியாவின் கணவர் அன்வர் சாதிக், குவைத்திலிருந்து கார்கோவில் ஒரு மலை சைக்கிள் அனுப்பினார். போர்வைகளுக்கும் பால்பவுடர் டின்களுக்கும் நடுவே பகுதி பகுதியாகக் கழற்றி வந்த அதை, இரண்டு பேரும் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பூட்டினார்கள். முஜிபுரின் அம்மா பாத்திமுத்து அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"மலையே இல்லாத ஊருல இத எங்குட்டுடா ஓட்டுவ? மாடிப்படியிலயா?"

"மேடு இருக்குல்லம்மா, அது போதும்."

கொத்தமங்கலம் பக்கத்து வனப் பூங்காவில் அந்த மேடு இருந்தது. தைலமரமும் முந்திரியும் அடர்ந்த செம்மண் காடு. அதைச் சுற்றி வர ஒரு சைக்கிள் தடம் போட்டு, வாசலில் பச்சைப் பலகையில் 'நடுத்தரம்' என்று எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் முஜிபுர் சிரித்தான். "நம்ம மார்க்க யாரு மாப்ள இவங்ககிட்டச் சொன்னது?"

தடத்தின் முதல் பாதி ஏற்றம். சரளைக்கல்லும் வேரும் மிதித்து ஏறினால் மேட்டின் உச்சியில் ஒரு இலுப்பை மரம். அதற்கு அப்புறம் எல்லாமே இறக்கம். வளைந்து வளைந்து, பெடலைத் தொடாமலே பூங்கா வாசலில் கொண்டுவந்து விட்டுவிடும். வாசலிலிருந்து இலுப்பை மரத்துக்கு நேராக ஒரு ஒற்றையடிப் பாதையும் உண்டு.

பூமிநாதனின் பழைய சைக்கிள் மணலில் புதைந்துவிடும். அதனால் ஒரே மலை சைக்கிளை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவன் ஏற்றம் ஓட்டிப் போய், இலுப்பை மரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஒற்றையடிப் பாதையில் நடந்து இறங்குவான். மற்றவன் அதே பாதையில் ஏறி வந்து, சைக்கிளை எடுத்து இறக்கத்தில் பறப்பான். நடுவழியில் இருவரும் எதிர்ப்படும்போது கையில் ஒரு அடி. "முந்திரிக்கிட்ட மண்ணு சறுக்குது மாப்ள, பாத்துப் போ." அவ்வளவுதான் பேச்சு. கீழே வந்தவன் வாசல் பாலத்தில் உட்கார்ந்து, மேலிருந்து வருகிறவனைப் பார்த்துக் கூச்சல் போடுவான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏற்றமும் இறக்கமும் கை மாறும்.

இப்படியே காலம் போனது. பூமிநாதன் கல்லூரியில் சேர்ந்தான். அவன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் ஆனான். வாங்கியதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. முஜிபுர் டைல்ஸ் கடையில் பெட்டி தூக்கினான். வாரம் முழுக்க இரண்டு பேரும் வேறு வேறு ஆட்களாக இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒரு சைக்கிளுக்கு இருவரும் சமமாகத் தேவைப்பட்டார்கள். இப்போது நினைத்துப் பார்க்கும்போது, அந்த நாட்களில் தான் யார் என்ற கேள்வி பூமிநாதனுக்கு வராமல் இருந்தது அந்தச் சில மணி நேரம் மட்டும்தான்.

பிறகு குவைத்திலிருந்து அன்வர் சாதிக் விசா தயார் என்றார். சூப்பர் மார்க்கெட் ஒன்றில் வேலை. முஜிபுருக்குப் போக மனமில்லை. அதே மாதம் கொத்தமங்கலத்தில் பழைய செட்டியார் வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தவர்கள், விருந்தினர்களை வனப் பூங்காவில் சைக்கிளில் சுற்றிக் காட்ட ஆள் தேடினார்கள். முஜிபுர் போய் நின்றான். மேலாளர் ரேணுகாவுக்கு அவனைப் பிடித்துப்போனது. ஞாயிற்றுக்கிழமை மூன்று விருந்தினர்களை ஒரு சுற்று கூட்டிப் போய்க் காட்டட்டும், சரியாக இருந்தால் வேலை என்றார்.

"வேலை கெடச்சா விசா வேணாம்னு ஒன் மச்சான்கிட்ட நானே பேசுறேன்" என்று பாத்திமுத்துவும் சொல்லிவிட்டார். ஆக, அவன் ஊரில் இருப்பதா போவதா என்பது அந்த ஒரு சுற்றில் இருந்தது.

அதற்கு முந்தின ஞாயிறு, இறக்கம் பூமிநாதனின் முறை.

"ரெண்டையும் நீயே ஓட்டுடா, பழக்கமாயிரும்" என்றான் பூமிநாதன்.

"அப்ப நீ காத்தாடவா வந்த? எறக்கத்துலதான் வர்றவுக விழுந்து வைப்பாக, அத மட்டும் பாத்துக்கிறேன். ஏத்தம் நீ ஓட்டு. ஒன் எறக்கம் எங்கிட்ட பாக்கி. அடுத்த தடவ வட்டியோட தாரேன்."

"எறக்கத்துக்கு என்னடா வட்டி?"

"பின்னாடியே ஓடி வந்து கைதட்டுறேன், போதுமா?"

பூமிநாதன் இன்னொரு தரம் வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தவில்லை. அவனுக்கும் மிதிக்க ஆசையாக இருந்தது.

அந்த ஞாயிறு வந்தது. விடுதி கொடுத்த புது சைக்கிளில் முஜிபுர் முன்னால் போக, சென்னையிலிருந்து வந்த தம்பதியும் அவர்களின் நண்பரும் பின்னால் போனார்கள். ரேணுகா வாசல் பக்கம் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க வந்த பூமிநாதன் பாலத்தில் உட்கார்ந்து இறக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முஜிபுர் இறக்கத்தில் வரவில்லை. ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்தான். தனியாக, வாயில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு. பூமிநாதனைக் கண்டதும் கையில் அடிக்கக் கையைத் தூக்கியபடியே கேட்டான்:

"என்ன மாப்ள, இங்கயே ஒக்காந்திருக்க? மேல வரல?"

"டேய், வந்தவங்க எங்கடா?"

தூக்கிய கை அப்படியே நின்றது. அந்த முகத்தைப் பூமிநாதனால் இன்னும் மறக்க முடியவில்லை. ஏற்றம் முடிந்ததும் இலுப்பை மரத்தைக் கண்டிருக்கிறான். கால்கள் தாமாக இறங்கியிருக்கின்றன. சைக்கிளைச் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்க இன்னும் ஏறிக்கொண்டிருந்தவர்களை மறந்து நடந்துவிட்டான். தடத்தை முழுசாக ஓட்டி முடித்த நாள் என்று ஒன்று அவனுக்குக் கிடையாது, பூமிநாதனுக்கும் கிடையாது.

இருவரும் மேலே ஓடினார்கள். விருந்தினர்கள் வழி தெரியாமல் முந்திரிக்காட்டுக்குள் இறங்கி, முள் குத்திய டயரோடு நின்றிருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. அந்தப் பெண்கூடச் சிரித்துவிட்டார். ரேணுகா சிரிக்கவில்லை.

"நல்ல பையன்தான் நீ. ஆனா கூட வந்தவங்களக் காட்டுல விட்டுட்டு இறங்கி வர்றவர நான் எப்படித் தம்பி வேலைக்கு வைக்கிறது?"

பூமிநாதன் குறுக்கே புகுந்து, "மேடம், எங்ககிட்ட ஒரே சைக்கிள்தான்..." என்று ஆரம்பித்தான். அவன் தோளைப் பிடித்து அழுத்தி, "விடு மாப்ள" என்றான் முஜிபுர்.

அடுத்த ஞாயிறுக்குள் விமான டிக்கெட் வந்துவிட்டது.

பூமிநாதன் இப்போது சிவகங்கையில் ஓர் அலுவலகத்தில் தற்காலிகமாகக் கணினி வேலை பார்க்கிறான். விடுமுறையில் ஊருக்கு வந்தால் பாத்திமுத்து கூப்பிடுவார்: "சைக்கிள் துருப்பிடிச்சிரும்ப்பா, எடுத்துட்டுப் போயி ஓட்டு." முஜிபுரும் வீடியோவில் வருவான். கன்னம் ஒட்டி, காதோரம் நரைத்திருக்கிறான். பின்னால் பேரீச்சம்பழப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். "ஒன் எறக்கத்த மறக்கல மாப்ள. வந்ததும் மொதல் வேல அதான்" என்பான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் விடுமுறை ஒரு தடவை தங்கை சுஹானாவின் கல்யாணத்திலும் இன்னொரு தடவை அம்மாவின் ஆஸ்பத்திரி அலைச்சலிலும் கரைந்துபோனது.

பூமிநாதன் தனியாக வனப் பூங்காவுக்குப் போகிறான். ஏற்றத்தை மிதித்து ஏறுகிறான். இப்போது மூச்சு வாங்குகிறது. உச்சியில் நின்று இறக்கத்தைப் பார்க்கிறான். அது யாருடைய சொத்தும் இல்லை, உருட்டிவிட்டால் வாசல் வரை போகும். இது பிடிவாதமா, பைத்தியக்காரத்தனமா என்று தன்னையே கேட்டிருக்கிறான். ஆனால் அந்த இறக்கம் முஜிபுர் தர வேண்டியது. சைக்கிளைத் திருப்பி, ஒற்றையடிப் பாதையில் பிரேக்கைப் பிடித்தபடி மெதுவாகத் தள்ளிக்கொண்டு இறங்குகிறான்.