அடியில் ஐந்து பெயர்

மயிலாப்பூர் சித்திரக்குளத்துப் பக்கம் துரைராஜுக்குச் சின்ன அச்சாபீஸ். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், இதுதான் பிழைப்பு. பெயர் விஷயத்தில் மட்டும் மனுஷன் படுகெட்டி. அடியில் ஒரு மாமன் பெயர் விட்டுப்போனால் பந்தலில் ரகளை என்பது அவர் கண்கூடாகப் பார்த்தது.

எழுபத்தொன்றில், கிண்டியில் படிக்கும், மெட்ராஸ் பாஷை பழகிவிட்ட உகாண்டாக்காரப் பையன் ஒகெல்லோ நாலு கூட்டாளிகளோடு வந்தான். அவன் நாடு வெள்ளைக்காரனிடமிருந்து விடுபட்டு ஒன்பது வருஷம்கூட ஆகவில்லை, அந்த ஜனவரியில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துக்கொண்டது. திரும்ப ஓட்டுப் போட விடு என்று இங்கிலீஷில் இருநூறு நோட்டீஸ் வேண்டும். எங்களில் யார் வந்து கேட்டாலும் கொடுங்கள் என்று ஐந்து பேரும் ஆர்டர் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போனார்கள்.

துரைராஜ் எழுத்துக் கோத்து முடித்துப் பார்த்தால் அடியில் ஒரே வெள்ளை. கண்ணை உறுத்தியது. ஊர் விட்டு வந்த பிள்ளைகள், கௌரவமாக இருக்கட்டும் என்று நோட்டைப் பார்த்து ஐந்து பெயரையும் கோத்துவிட்டார். அச்சடித்ததும் வழக்கம்போல ஒரு தாளை மாதிரிக்கு வாசல் கயிற்றிலும் மாட்டினார்.

மறுநாள் ஒகெல்லோ நோட்டீஸ் கட்டைப் பிரித்து, அடியில் விரலை வைத்தான்.

"இன்னா அண்ணா இது? பேரு யாரு போடச் சொன்னா?"

"பேரில்லாட்டி மொட்டைக் கடுதாசி மாரி கீது நைனா. நல்லா பெருசா போட்டுக்கீறேன் பாரு."

"எங்க அண்ணனை மார்ச்சுல பட்டாளத்தான் இட்டுக்கினு போனான். இன்னும் வரல. இந்தப் பேரைப் பார்த்தா அம்மாவையும் இட்டுக்கினு போவான்."

நம்மூரில் எலெக்ஷன் நோட்டீஸுக்கு எதிராளி திட்டுவான், மிஞ்சினால் சாணி அடிப்பான். அம்மாவைத் தூக்குவார்கள் என்று துரைராஜ் எங்கே கண்டார்?

அவர் மனைவி சொர்ணம் நோட்டீஸை எரிக்க அடுப்பை மூட்டினாள். "கல்யாண வூட்டு புத்தி! எதுக்கும் மாமன் பேரு போட்டாவணும் இவருக்கு." ஒகெல்லோ எண்ணி எண்ணித் தீயில் போட்டான்.

"ஒண்ணு கொறையுது அண்ணா."

வாசல் கயிற்றில் கிளிப்பு மட்டும் ஆடியது. எதிர் டீக்கடை வேலம்மா குரல் கொடுத்தாள்: "காலீல கோட்டு போட்ட ஆப்பிரிக்காக்காரரு ஒருத்தரு நின்னு படிச்சாரு. இந்த தம்பியோட கூட்டாளின்னு நெனைச்சேன். மடிச்சி பையில வெச்சிக்கினு டாக்சியில பூட்டாரே!"

"நம்ம ஆளாவும் இருக்கலாமே?" என்றார் துரைராஜ்.

"யாரு நம்ம ஆளு, யாரு பட்டாளத்து ஆளுன்னு எங்க ஊர்க்காரன்கிட்ட கேட்டுப் பார்க்க முடியாது அண்ணா."

அம்மாவை உடனே வேறு ஊருக்குப் போகச் சொல்லித் தந்தி அடிக்கலாம் என்று இருவரும் தபாலாபீசுக்கு ஓடினார்கள். பாரத்தில் அம்மா பெயரை எழுதிய ஒகெல்லோ பேனாவை நிறுத்தினான். அங்கே தந்தியை அம்மாவுக்கு முன்னால் படிக்கப்போகிறவன் பட்டாளத்தான்தானே?

துரைராஜ் மை ஒட்டிய உள்ளங்கையால் அந்தப் பெயரைப் பொத்தினார்.

"எழுதாதே நைனா. கிழிச்சுடு."