சன்னலில் கட்டிய என் நெஞ்சு

எக்ஸ்ரே படத்தைச் சன்னலில் கட்டியது அம்மாதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன். படம் என்றால் அம்மாவுக்கு ஸ்டூடியோவில் எடுப்பதுதான். உறையிலிருந்த கறுப்பு ஃபிலிமைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடா கண்ணு, மூஞ்சியே காணோம்?"

பிறகு மூலையில் குங்குமப் பொட்டு வைத்து, கிழக்குச் சன்னல் கம்பியில் கட்டிவிட்டாள்.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தில் ரயில் பாதையோரம் எங்களுக்கு ஒற்றை அறை ஓட்டு வீடு. நைனாவுக்குத் தண்டவாளம் பார்க்கும் வேலை. நான் பட்டணத்தில் குமாஸ்தா. வேலையில் சேர்ந்த வாரமே சிகரெட் பழகினேன். பீடி குடிக்கிறவர் மகன் என்று ஆபீசில் தெரிந்துவிடக் கூடாதாம். இருமல் விடாமல் பிடித்துக்கொண்டபோது டாக்டர் படம் எடுத்தார். வலது பக்கம் விரலை வைத்தார்.

"இங்க ஒரு நிழல் இருக்கு. மாத்திரை தரேன். ஆனா சிகரெட்டைத் தொட்டா நான் பொறுப்பில்லை. மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுப்போம்."

அன்றே விட்டேன். மறுநாள் விடிந்ததும் சூரியன் சன்னலுக்கு நேரே வந்தது. எதிர்ச் சுவரில் என் விலா எலும்புகள் விழுந்தன, இருட்டுக்குள் வெள்ளையாக, வளைந்து வளைந்து. டாக்டர் நிழல் என்று சொன்னது சுவரில் வெளிச்சமாக இருந்தது, நாலணாக் காசு அளவுக்கு. காற்றில் ஃபிலிம் ஆடினால் எலும்புக்கூடு மூச்சு விடும். தினமும் அதன் எதிரில்தான் கண் விழித்தேன்.

பதினோராம் நாள் ஆபீஸ் நண்பன் என் சட்டைப் பையில் ஒரு சிகரெட்டைச் செருகினான். "இன்னா மச்சான், சாமியாராப் பூட்டியா? வச்சுக்க. யாருக்குத் தெரியப் போவுது?"

எடுத்துப் போடவில்லை. அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

காலையில் கண் திறந்தபோது சுவரிலிருந்த என் நெஞ்சுக்குள் புகை ஏறிக்கொண்டிருந்தது. கீழிருந்து ஒவ்வொரு எலும்பாகத் தாண்டி, அந்த வெள்ளைப் புள்ளியைச் சுற்றிச் சுருண்டது. மூச்சை அடக்கிப் பார்த்தேன். புகை நிற்கவில்லை. வாயைத் தொட்டேன். ஒன்றுமில்லை.

"நைனா!"

"இன்னாடா?"

குரல் சன்னலுக்குக் கீழிருந்து வந்தது. எப்போதும் வாசலில் பீடி குடிப்பவர், அன்று பனிக்கு அறைக்குள்ளேயே பீடியோடு குந்தியிருந்தார். நான் கைகாட்டிய பக்கம் திரும்பினார். சோதிப்பவர்போல் ஒரு இழுப்பு இழுத்து விட்டார். சுவரில் என் நெஞ்சு நிறைந்தது.

"இது நானாடா?"

"பொகையோட நெழல் நைனா. வெளிச்சம் ஃபிலிம் வழியா வர்றப்போ..."

"அத்தத்தான் கேக்குறேன். டாக்டரும் நெழல்னுதானே சொன்னாரு? அதுவும் என் பொகைதானா?"

அவர் பீடியை விரலாலேயே நசுக்கினார். நான் சட்டைப் பையிலிருந்ததை எடுத்து நீட்டினேன். திட்டவில்லை. இரண்டையும் கொண்டுபோய்ச் சாக்கடையில் போட்டார்.

அதிலிருந்து தினமும் வெயில் நகரும்வரை இருவரும் சுவரைப் பார்த்து உட்காருவோம்.

"நேத்து?"

"இல்ல நைனா. நீ?"

"ஒருத்தன் நீட்டினான். உன் எலும்பு கண்ணு முன்னால வந்து நின்னுக்கினு கீது. வாணாம்னுட்டேன்."

ஒரு நாள் மட்டும் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அன்று "நேத்து?" என்று நான் கேட்கவில்லை. மறுநாள் திரும்பி உட்கார்ந்தார்.

மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் நிழல் சுருங்கியிருப்பதாக டாக்டர் சொன்னார். அம்மா பழையதை அவிழ்த்துப் புதியதைக் கட்டினாள். விடிந்ததும் பார்த்தோம். நாலணா இருந்த இடத்தில் ஒரு உளுந்து.

நைனா எழுந்தார். சட்டையில்லாமல் சன்னலுக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றார். அவர் நிழல் என் எலும்புகளை முழுசாக மூடியது.

"எனுக்கு எங்க கீது, பாத்துச் சொல்லு. நீதானே படிச்சவன்."

பார்த்தேன். சுவர் முழுக்கக் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பு ஒருமுறை இருமியது.

"சட்டையைப் போடு நைனா" என்றேன்.

அன்று ஆபீசுக்குப் போகவில்லை. இருவரும் டாக்டரிடம் போனோம்.