குனியாத தொழுகை

லிந்துலைக் கடைத்தெருவில் எனக்குக் கால்சட்டை தைத்துத் தந்த முஸ்லிம் தையல்காரரின் பெயரை நான் கேட்டதே இல்லை; அண்ணன் என்ற பொருளில் “நானா” என்றே கூப்பிடுவேன். மெலிந்தவர். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். தொழும்போது மட்டும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டுவார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். பெஞ்சில் காத்திருக்கும்போது அவர் தொழுவதையும் எண்ணுவேன். நண்பகல் தொழுகையில் பன்னிரண்டு ரக்அத்; நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழுவது ஒரு ரக்அத். கட்டாயமான பர்ளு நான்கு, நபி வழக்கமாகத் தொழுத சுன்னத்து ஆறு, யாரும் கேட்காத நபில் இரண்டு.

ஒரு நாள் அத்தனையும் முடிந்த பிறகு, நாடாவை எடுக்காமல் மறுபடி கைகட்டி நின்றார். நான்கு முறை “அல்லாஹு அக்பர்” என்றார். குனியவுமில்லை, நெற்றியைத் தரையில் வைக்கவுமில்லை.

“இது என்ன கணக்கு நானா?”

“எறந்தவங்களுக்குத் தொழுற ஜனாஸா தொழுகை மாஸ்டர். ஊருக்கே பர்ளு. நாலு பேர் தொழுதா மத்தவங்களுக்கு நீங்கிரும். எங்க பொஞ்சாதி கொரோனாவுல மௌத்தானா. அடக்கம் பண்ணக் கூடாதுன்னு அரசாங்க உத்தரவு, ஆஸ்பத்திரியிலருந்தே கொண்டுபோய் எரிச்சிட்டாங்க. முன்னால வெச்சுத் தொழ உடம்பத் தரல்ல. பொறகு எத்தன தரம் தொழுதும் மனசு ஆறல்ல.”

ஆறுதல் சொல்வதாக நினைத்து, “நாங்களும் எரிக்கத்தானே செய்றோம் நானா” என்றேன்.

அவர் நாடாவை எடுத்து என் இடுப்பைச் சுற்றினார்.

“உங்க ஆள நீங்களே எரிக்கிறீங்க மாஸ்டர். எங்க ஆள அவங்க எரிச்சாங்க. இடுப்பு முப்பத்திநாலு.”

அந்த நாள்களில் நானும் இதே ஊரில்தான், அந்த உத்தரவை வானொலியில் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். ஊருக்கே கடமை என்றாரே, அந்த ஊரில் நான் சேர்த்தியா என்று கேட்க இன்றுவரை வாய் வரவில்லை.