சிற்றம்பலம் அண்ணை பூட்டிய பின்விளக்கு

சிற்றம்பலம் அண்ணையை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். குறை சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான். ஒன்பது வருடம் அவர் ஓட்டிய லொறியில் கிளீனராக இருந்தவன் நான்.

அது இரண்டாம் உலக யுத்தகால இராணுவ லொறி. ஏலத்தில் விட்டபோது சின்னராசா முதலாளி எடுத்து, முல்லைத்தீவுக் காடுகளில் மரம் ஏற்ற விட்டிருந்தார். எந்தச் சேற்றிலும் முன்னுக்குப் போய்விடும். பின்னுக்கு எடுப்பதுதான் தலையிடி. மரக்குற்றிகளை உருட்டி ஏற்றுகிற மண்மேட்டோடு பின்பக்கமாகவே கொண்டுபோய் நிறுத்தவேண்டும். இரண்டு பக்கமும் பாலைமரம் நெருக்கும். நான் பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று கத்துவேன். "நில்!" என்றால் நிற்பார்.

அறுபத்திரண்டாம் ஆண்டு மாசியில் ஒரு பின்னேரம் நான் "நில்!" என்று கத்த, லொறி நிற்கவில்லை. பக்கவாட்டில் பாய்ந்து விழுந்தேன். உடுத்திருந்த சாரம் கிழிந்தது, உயிர் தப்பியது. எழும்பிப் போய் லொறிக் கதவில் ஓங்கி அடித்தேன்.

"என்ன அண்ணை, ஆளைக் கொல்லப் பாக்கிறியளோ? கத்தினது கேக்கேல்லையோ?"

அவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழத் தொடங்கிவிட்டார். "கேக்கேல்லையடா யோகம். வலது காது போன மாரியோட போச்சுது. இப்ப மற்றதும் போகுது. முதலாளிக்குத் தெரிஞ்சால் நாளைக்கே இறக்கிப்போடுவார். மூண்டு பெட்டைப் பிள்ளையளையும் வைச்சுக்கொண்டு நான் எங்கை போவன்?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

பகலில் சமாளித்துவிடலாம். பின்கண்ணாடி வழியே என் கைச்சைகையைப் பார்ப்பார். பொழுது சாய்ந்தால் என்ன செய்வது? வழி கண்டுபிடித்ததும் அண்ணைதான். பற்றரி சார்ஜ் பண்ணும் லாபிர் நானாவின் கடைக்குப் பின்னால் உடைந்த ஜீப் ஒன்று கிடந்தது. அதன் இரண்டு விளக்கையும் கழற்றி, எங்கள் லொறியின் பின்பலகைக்குக் கீழே பின்னோக்கிப் பூட்டுவித்தார். சுவிச் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில்.

"பாதை பாக்கவோ?" என்று அவருடைய இடது காதுக்குள் கத்தினார் நானா.

"இல்லை நானா, இவன்ர மூஞ்சையைப் பாக்க."

யானைக்குப் பயந்து பூட்டினோம் என்று முதலாளிக்குச் சொல்லிவைத்தோம். முதலாளி எதைச் சொன்னாலும் அண்ணை "ஓம் முதலாளி" என்று தலையாட்டுவார். "சிற்றம்பலம் மாதிரிப் பணிவான றைவர் கிடையாது" என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

ஒரு வருடம் இப்படியே ஓடியது; அண்ணையின் இடது காதும் முழுதாய்ப் போய்விட்டது. பிறகு ஒருநாள் இரவு இந்த மனுசன் சுவிச்சை நிற்பாட்ட மறந்து, பின்விளக்கோடு ஒட்டுசுட்டான் வரை ஓட்டிவிட்டார்! பின்னால் வந்த வண்டில்காரர் இளையதம்பி, எதிரே லொறி வருகிறதென்று மாடுகளை ஓரங்கட்டிக் காத்துநின்றிருக்கிறார். லொறி வரவேயில்லை. வெளிச்சம் சின்னதாகிச் சின்னதாகிப் போனதாம். பேய் என்று நடுங்கிப்போன மனுசன், விடிந்ததும் முதலாளி வீட்டு வாசலில் நின்று பெரிய சண்டை.

அதென்ன விளக்கு என்று பார்க்க முதலாளியே காட்டுக்கு வந்துவிட்டார்.

பொழுதுபடும் நேரம். அண்ணை விளக்கைப் போட்டு, என் கையை மட்டும் பார்த்து, ஒரே எடுப்பில் மேட்டோடு கொண்டுவந்து நிறுத்தினார். முதலாளிக்காக நான் வாயாலும் கத்தினேன்.

"சோக்கான வேலை!" என்றார் முதலாளி. "இவ்வளவு வெளிச்சம் இருக்கேக்கை, பின்னுக்கு நிண்டு கத்த ஒருத்தன் என்னத்துக்கு? யோகம், நாளையிலயிருந்து நீ வரத்தேவையில்லை."

உண்மையைச் சொன்னால் அண்ணையின் வேலை போகும், சொல்லாவிட்டால் என் வேலை. போனால் போகட்டும், நான் தனிக்கட்டைதானே என்று பேசாமல் நின்றேன். அண்ணை இறங்கி வந்து, என் முகத்தைப் பார்த்து, என்ன என்று கையால் கேட்டார். நாளைக்கு நான் இல்லை என்று காட்டினேன்.

அந்த மனுசன் சும்மா இருந்திருக்கலாம். விளக்கு இருக்கிறதே, எப்படியோ தட்டித்தடவி ஓட்டியிருக்கலாம்.

"முதலாளி, எனக்குக் காது கேக்காது," என்றார். "ஒரு வருசமாய் இவன்ர கையைப் பாத்துத்தான் பின்னுக்கு எடுக்கிறன். அனுப்பிறதெண்டால் என்னை அனுப்புங்கோ."

முதலாளி லொறியைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி.

"ரண்டு பேரையும் நாளைக்கு வேளைக்கு வரட்டாம் எண்டு அவனுக்குச் சொல்லு," என்றார் என்னிடம். கையால் சொன்னேன். அண்ணை தோளில் கிடந்த துவாயால் முகத்தை மூடிக்கொண்டார்.

திரும்பி வரும்போது எனக்கு வந்ததே ஒரு கோபம்! "உங்களுக்கு விசரே அண்ணை? மூண்டு பெட்டையளை வைச்சுக்கொண்டு ஆருக்காக வாயைத் திறந்தனீங்கள்? நான் ஆர் உங்களுக்கு?" என்று அழுதழுது திட்டிக்கொண்டே வந்தேன், தண்ணீரூற்றுச் சந்தி வரும்வரை. அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாதையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.