பத்மாவின் பெயரில் உள்ள ஒரு பிழை

தேக்கா சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தபோது பத்மாவதியின் தம்பி அழைத்தார். "அக்கா காலையில போயிட்டாங்க டீச்சர்," என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறேன்? மீன்காரர் பையை நீட்டினார். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

கிளமெண்டியில் நான் தமிழ் கற்பித்த பள்ளியில் அறிவியல் கூடத்தைக் கவனித்துக்கொண்டவர் பத்மா. வானம் பார்க்கும் நண்பர்களான உங்களுக்கு, செம்பவாங்கில் அவர் வீட்டுப் பக்கத்துக் கார் நிறுத்தத்தின் மேல்தளத்தில், தொலைநோக்கியோடு நிற்பவராகத்தான் அவரைத் தெரியும். உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் விடாமல் பார்த்துவந்தது மிதுன ராசியில் உள்ள யூ ஜெமினோரம் என்ற குறுநோவா. அது ஒன்றையொன்று ஒட்டிச் சுற்றும் இரண்டு விண்மீன்கள். ஒன்றின் வாயுவை மற்றொன்று இழுத்துத் தன்னைச் சுற்றித் தட்டுப்போலச் சேர்த்துக்கொள்ளும். சேர்ந்தது அளவு மீறினால் ஓரிரு நாளில் குப்பென்று பிரகாசமாகி, ஒன்றிரண்டு வாரத்தில் பழையபடி மங்கிவிடும். மங்கியிருக்கும்போது நம் ஊர் வெளிச்சத்தில் அவருடைய சின்னத் தொலைநோக்கிக்கு அது எட்டாது. அடுத்து எப்போது பொங்கும் என்று நாள் குறிக்கவும் முடியாது.

முதல் முறை என்னை அங்கே கூட்டிப்போனபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. வேலை முடிந்து, இரண்டு ரயில் மாறி, ஒன்றுமில்லாத இடத்தையா பார்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். "ஒண்ணுமில்லைன்னு யார் சொன்னா? இன்னிக்கு நமக்குத் தெரியலை, அவ்வளவுதான். அதையும் எழுதணும் லா," என்றார். அவர் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். அதனால் அன்றிலிருந்து புது நோட்டு ஒன்றில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. பக்கம் பக்கமாக 'தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

ஒரு மார்ச் மாதம் அது பொங்கியது. பத்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். பக்கத்து விண்மீன்களோடு மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஒளி அளவைச் சொன்னார். மறுநாள் ஆசிரியர் அறைக்கே வடை வாங்கிவந்தார். கேட்டவர்களிடம் என்னைக் காட்டி, இவருக்குப் பிறந்தநாள் என்று சொல்லிவிட்டார்.

இந்த ஏப்ரலில் அவர் மருத்துவமனையில் படுத்தார். மருத்துவர்கள் பேச்சைச் சுருக்கிக்கொண்டார்கள். தொலைநோக்கி என்னிடம் வந்தது; இரவில் நான் பார்த்தேன். தினமும் நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்ததும், விண்மீன் வந்துவிட்டதா என்பார். இல்லை என்பேன். மே பிறந்தது. மிதுனம் மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில வாரத்தில் சூரியனுக்குப் பின்னால் போய்விடும். அவர் அடுத்த பருவம் வரை இருக்கமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். என்னால் ஆகக்கூடியது ஒன்றுமே இல்லை.

ஒரு நாள் மாலை, வந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

தலையணையிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். ஒளி அளவு கேட்டார். இத்தனை ஆண்டு எழுதிய கைக்கு ஓர் எண்ணை இட்டுக்கட்டுவது பெரிய காரியமா? யார் பார்த்தார்களோ அவர் பெயரில்தான் செய்தி போகவேண்டும் என்றார். அவர் பெயரிலேயே போகட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். என்றைக்கும் விட்டுக்கொடுக்காதவர் அன்று விட்டுக்கொடுத்தார். அவர் கைபேசியிலிருந்து உங்களுக்கும் வெளிநாட்டு நோக்கர்களுக்கும் செய்தி பறந்தது. மறுநாள் எல்லோரும் பார்த்தீர்கள். யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த நாள் நான் போனபோது அவர் குரலில் கோபம் இல்லை. "நீங்க பார்த்தீங்களா டீச்சர்?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே. நான் என்ன, கோவிச்சுக்கவா போறேன்?" அதன் பிறகு நோட்டைக் கேட்டு வாங்கி, நான் எழுதிய பொய் வரியின் கீழ் தானே எழுதி, அதையே உங்களுக்கும் அனுப்பினார்: பிழை என்னுடையது, பத்மாவதி. உண்மையை நான் எழுதுகிறேன் என்றேன். "விடுங்க. நான்தானே அனுப்பினேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருந்து மயக்கம், பாவம் என்று நீங்கள் பேசிக்கொண்டீர்கள். நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அந்தப் பிழை மயக்கத்தால் வந்ததல்ல, நண்பர்களே. நான் சொன்ன பொய். அவர் கணக்கில் ஒரு பிழைகூட இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் உள்ளதைச் சொன்னேன். தெரியலை என்பேன். "சரி, எழுதிக்கோங்க," என்பார். கடைசியாக என்னிடம் பேசியதும் அதுதான்.

தொலைநோக்கியைத் தம்பி எடுத்துப்போனார். என்னிடம் இருப்பது நோட்டு மட்டும். இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் அதைத் திறந்து, 'பார்க்காமல் சொன்னது நான்' என்று எழுதி என் பெயரைப் போட்டேன். மேலே இருக்கும் அவர் பெயரை அடிக்கப் பேனாவை வைத்தேன். முடியவில்லை. அந்த நோட்டு முழுவதும் என் எழுத்து. அவர் கையால் எழுதியது அந்த ஒரு வரிதான்.