பின்கால் ஃபெர்னான்

ஃபெர்னான் காப்பியில் பாதியைக் குடிக்கிறார், மீதிப் பாதியைச் சறுக்கு அரங்கின் பனித்தளத்தில் ஊற்றுகிறார். கை தவறி அல்ல. தடுப்புப் பலகைமேல் வயிற்றைச் சாத்தி, ஒரு கண்ணை மூடி, காகிதக் கோப்பையை மெல்லச் சாய்த்து, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பொட்டு. அங்கிருந்து நொண்டி நொண்டி நாலு எட்டு நடந்து இன்னொரு பொட்டு. "இதுல கெளம்பு. அதுல வந்து எறங்கு. நடுவுல என்ன வேணா பண்ணிக்கோ, நான் பாக்கல" என்கிறார் மாணவி கொராலியிடம்.

அந்தக் காப்பியில் மூன்று கரண்டி சர்க்கரை உண்டு. பாகு உறைந்த இடத்தில், தளத்தை மழிக்கும் வண்டியின் கத்தி விக்குகிறது. வண்டியை ஓட்டுகிறவன் நான். சர்க்கரையையாவது குறைக்கக் கூடாதா என்று ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கசப்புக் காப்பி குடிக்கறவன்லாம் கடைசியில நடுவர் ஆயிடறான் தம்பி. நீ பாத்ததில்ல?" என்றார். நான் வண்டிக்குத் திரும்பிவிட்டேன்.

ஃபெர்னான் துஃபூருக்கு ஐம்பத்தெட்டு வயது. காலை ஆறிலிருந்து ஏழு வரை எங்கள் ஏரிக்கரை ஊரின் அரங்கில் சறுக்கு நடனப் பயிற்சியாளர். ஏழரையிலிருந்து பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இரண்டுக்கும் ஒரே உடைதான்: ஆரஞ்சு நிறக் குளிர் அங்கி, காதை மூடும் தொப்பி, ரப்பர் அடி வைத்த பூட்ஸ். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு, ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கக் கிளம்பியவர் கதவு மாறி உள்ளே வந்துவிட்டார் என்று தோன்றும். சறுக்குக் காலணி அவர் போடுவதில்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டன. எப்படி என்று கேட்டால், குதிரை தின்றுவிட்டது என்பார்.

அது உண்மைதான். பனிமேல் ஆடிக்கொண்டே ஊர் ஊராகப் போகும் ஒரு கேளிக்கைக் குழுவில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர் அவர். இளவரசன் வேஷம் கிடைக்கவில்லை, வில்லன் வேஷமும் கிடைக்கவில்லை. இரண்டு ஆள் சேர்ந்து ஆடும் குதிரையில் பின்பாதி கிடைத்தது. முன்பாதி ஆர்மான் என்று ஒருவர். ஃபெர்னான் குனிந்து, ஆர்மானின் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு, துணிக்குள் இருட்டில் சறுக்குவார். "பதினாலு நாடு சுத்தியிருக்கேன். பதினாலுலயும் ஆர்மானோட பின்பக்கத்தத்தான் பாத்தேன். ஜப்பான்ல மட்டும் கொஞ்சம் எளைச்சிருந்துது." ஊர் அவரைப் பின்கால் என்றுதான் கூப்பிடுகிறது. அரங்கின் சிற்றுண்டிக் கடையில் அவர் பாலாடைக்கட்டி போட்டுக் குழம்பு ஊற்றிய உருளை வறுவல் கேட்டால், "பின்காலுக்கு ஒண்ணு" என்று சமையலறைக்குள் குரல் போகும். அவருக்கு வருத்தமில்லை. முன்கால் என்று சொல்லிக்கொள்ள இந்த ஊரில் எத்தனையோ பேர் அலைகிறார்கள், பின்கால் ஒருத்தன்தானே என்பது அவர் கணக்கு.

எங்கள் பக்கத்தில் கெட்ட வார்த்தை என்றால் மாதா கோயில் சாமான். பூசைக் கிண்ணம், நற்கருணைப் பேழை, அப்பம், ஞானஸ்நானத் தொட்டி. சுத்தியல் விரலில் விழுந்தாலும், உறைபனியில் கார்க் கதவு ஒட்டிக்கொண்டாலும் இவற்றில் ஒன்றைக் கூப்பிட்டுவிட்டு வேலையைப் பார்ப்போம். ஃபெர்னான் ஒன்றோடு நிற்க மாட்டார், அடுக்குவார். அதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. மாணவி விழுந்தால் கிண்ணம். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதால் அப்பம். சுற்று முழுமையாக வந்து ஒற்றைக் காலில் இறங்கிவிட்டால், நெஞ்சின் ஆழத்திலிருந்து, பேழை. அந்த ஒரு பேழைக்காக கொராலி காலை முழுவதும் பாடுபடுகிறாள். வீட்டுக்குப் போனால் அவள் அம்மா, இன்றைக்கு எத்தனை பேழை என்று விசாரிக்கிறாராம். அம்மா ஞாயிறு பூசையில் முன்வரிசைப் பாடகி.

கொராலி பெர்ரோனுக்குப் பத்தொன்பது வயது, ஐந்தடி பத்தங்குலம். முன்பு பயிற்சி கொடுத்த மதாம் சவார் ஒன்பது வருஷம் அவளைக் கொடிக்கம்பம் என்று அழைத்தார். செல்லமாக அல்ல. கோடையில் மதாம் சவார் இன்னும் குட்டையான மாணவிகள் கிடைக்கும் பெருநகரத்துக்குப் போய்விட, வேறு ஆள் வரும்வரை என்று சொல்லி நிர்வாகக் குழு ஃபெர்னானைப் போட்டது. வேறு ஆளைத் தேடியதாகத் தெரியவில்லை.

கொராலியின் வியாதிக்குப் பெயர் இரட்டை ஆக்செல். முன்முகமாகக் கிளம்பி, கை கால்களை இறுக்கிக்கொண்டு காற்றில் இரண்டரைச் சுற்று சுற்றி, பின்முகமாக ஒற்றைக் காலில் இறங்கும் தாவல். காலை ஆறு மணிக்குக் காலி அரங்கில் அதை அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே செய்வாள். இருக்கைகளில் நாலு பேர் வந்து உட்கார்ந்தால் போதும், காற்றில் பாதி வழியில் திறந்துவிடுவாள். கை விரியும், கால் பிரியும், ஒன்றரைச் சுற்றோடு கீழே. மூன்று வருஷமாக மண்டலப் போட்டியில் இதேதான் நடந்தது. இந்தத் தடவையும் திறந்துகொண்டால் சறுக்குவதையே விட்டுவிடுவதாக அவள் வீட்டிலும் அரங்கிலும் சொல்லிவிட்டாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். தேதி சொன்னாள்: பிப்ரவரி எட்டு, சனிக்கிழமை.

இதற்கு மதாம் சவாரின் மருந்து இன்னும் நூறு முறை தாவுவது. ஃபெர்னான் முதல் வாரம் வாயைத் திறக்கவில்லை. அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் முதுகுக்குப் பின்னால் வருகிறமாதிரி பலகையோரமாகவே நொண்டிக்கொண்டிருந்தார். இருட்டில் ஒருத்தன் முதுகை வைத்தே அடுத்து எந்தக் காலை எடுப்பான் என்று இருபத்திரண்டு வருஷம் கண்டுபிடித்த ஆள். வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்.

"நீ பயந்துபோய்த் தொறக்கல கண்ணு. மேல போனதும் யாரு பாக்குறாங்கன்னு எட்டிப் பாக்குற. தோள் திரும்புது."

கொராலி சறுக்குக் காலணியின் பிளேடால் பனியைக் கீறினாள். "சரி, இப்ப என்ன பண்ணச் சொல்ற?" என்றாள். மதாம் சவாரை ஒன்பது வருஷமும் நீங்கள் என்றே பேசியவள், இவரை மூன்றாம் நாளே நீ என்று அழைக்க ஆரம்பித்திருந்தாள்.

"பாரு. கீழ நிக்கிறப்பவே எல்லாரையும் நல்லா பாத்து முடிச்சுட்டுப் போ."

பார்ப்பதற்கு ஆள் வேண்டுமே. மர ஆலையின் ஹாக்கிக் குழு இரவு ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு விளையாட வரும். பதினாலு தடியர்கள். அவர்களை அரை மணி முன்னதாக வரவழைத்து முதல் வரிசையில் உட்கார வைத்தார். விழுந்தால் வாய்விட்டுச் சிரிக்க வேண்டும், அடக்கக் கூடாது என்று உத்தரவு. ஆனால் கொராலிக்கு முன்னால் அவர் போனார். பூட்ஸ் காலோடு தளத்தின் நடுவுக்கு நடந்து, கைகளை ராஜா மாதிரி விரித்து, ஒரு தாவு தாவி, பின்பக்கம் பனியில் இடிக்கப் பொத்தென்று விழுந்தார். தடியர்களில் ஒருவர் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றது. அடுத்த நாளும் விழுந்தார். அதற்கடுத்த நாளும்.

இது எதற்கு என்று கொராலி கேட்டாள். "ஒரு ஆளுக்குச் சிரிப்பு இவ்வளவுதான்னு இருக்கு. மொதல்ல எங்கிட்ட தீத்துட்டானுங்கன்னா, உன் முறை வர்றப்போ வாய்தான் வலிக்கும்" என்றார். முழங்கால் போய்விடும் என்று அவள் திட்டியதற்கு, அது எப்போதோ போனது, திரும்பி வந்தால்தான் பயம் என்றார். மறுநாள் அவள், விழுந்தால் அடிபடாமல் இருக்கத் தன் இடுப்பில் கட்டும் பஞ்சுப் பட்டைகளைக் கழற்றி, ஆரஞ்சு அங்கிக்குள் அவர் பின்பக்கம் இரண்டு பக்கமும் திணித்துவிட்டாள். அவர் தையல்காரரிடம் அளவு கொடுக்கும் மணப்பெண் மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அப்படியே பேருந்து ஓட்டப் போனதில் அன்று பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஜனவரிக் கடைசியில் தடியர்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள். அவள் இறங்கும்போதெல்லாம் பதினாலு பேரும் சேர்ந்து பேழை என்றார்கள்.

ஆனால் தடியர்கள் தெரிந்தவர்கள். போட்டி பார்க்க வருகிறவர்கள் முந்நூறு பேர், தெரியாதவர்கள்.

பிப்ரவரி எட்டாம் தேதி பள்ளிப் பேருந்திலேயே போனோம், பதினோரு பேர். நிர்வாகக் குழுச் செயலாளர் உகெத் வழியெல்லாம் ஃபெர்னானின் காதோரம் உட்கார்ந்து எச்சரித்துக்கொண்டு வந்தார். நடுவர்கள் காதில் ஒரே ஒரு கோயில் சாமான் விழுந்தாலும் அடுத்த வாரம் வேறு ஆள். ஃபெர்னான் தலையை ஆட்டினார். அங்கி இல்லை. மைத்துனரின் கல்யாணக் கோட்டும் பச்சை டையும் போட்டிருந்தார். அரங்கில் இறங்கியதும் கோலிக்குண்டு அளவில் ஒரு மேப்பிள் மிட்டாயை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டார். அது இருக்கும்வரை பேச முடியாது.

பெயர் அறிவித்த முப்பது விநாடிக்குள் தளத்தின் நடுவில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் பயிற்சியாளருக்கு ஒரே வேலை. பிளேடுகளைத் தரையில் தேயாமல் காக்கும் ரப்பர் உறை இரண்டையும் மாணவி கழற்றித் தருவாள், வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைகூட மறக்காத காரியம். கொராலி, சொல்லிக்கொடுத்தபடி, முந்நூறு பேரையும் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபெர்னான் அவள் தோளைப் பார்த்துக்கொண்டும் மிட்டாயைக் காத்துக்கொண்டும் இருந்தார். அவள் கால்களை யாரும் பார்க்கவில்லை.

உறையோடு பனியில் கால் வைத்தாள். ஒரு கால் நடுவர்கள் பக்கம் போயிற்று, இன்னொன்று கழிவறைப் பக்கம். கொடிக்கம்பம் முழு நீளத்துக்கும் சாய்ந்தது.

மிட்டாய் பறந்தது. பிறகு கிண்ணம், பேழை, அப்பம், தொட்டி, தூபக்கலசம், சாமியார் அங்கி என்று கோயிலைக் காலி செய்து வண்டியில் ஏற்றுகிறவர் மாதிரி ஒன்று விடாமல் சொல்லி முடித்தார். நல்ல எதிரொலி உள்ள அரங்கம். உகெத் கண்ணை மூடிக்கொண்டார். முந்நூறு பேர் சிரித்தார்கள். ஃபெர்னான் அதற்குள் முழங்காலிட்டுப் பனிமேல் தவழ்ந்துபோய் உறைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"மறந்துட்டேன் கண்ணு. நான்தான் மறந்துட்டேன்."

கொராலியின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். தலையைத் தூக்கினாள். மோவாயெல்லாம் பனித்தூள், வாயெல்லாம் சிரிப்பு.

"விடு. இனிமே அவங்க பாக்கறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?"

எட்டு விநாடி மிச்சமிருக்கும்போது நடுவில் போய் நின்றாள்.

ஃபெர்னான் தவழ்ந்து பலகைக்கு வெளியே வந்ததும், முழங்கால்கள் மடங்கின நிலையிலேயே பூட்டிக்கொண்டன. எழுந்திருக்க முடியவில்லை. நானும் உகெத்தும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தோம். பலகை அவர் தலைக்கு மேல் இருந்தது. இசை ஆரம்பித்துவிட்டது. எங்கள் கைகளை உதறிவிட்டு, பலகையில் காதை வைத்துக்கொண்டு மண்டிபோட்டபடியே பிளேடின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாற்பதாவது விநாடியில் அவள் முன்முகமாக வந்தாள். கிளம்பினாள். கைகள் நெஞ்சோடு ஒட்டியிருந்தன. ஒன்று, இரண்டு, அரை. இறங்கியது அழகாக இல்லை. உடம்பு பாதியாக மடிந்து, ஒரு கை பனிக்கு ஓர் அங்குலம் மேலே துழாவியது. ஆனால் தொடவில்லை. பின்முகமாக நீளமாக வழுக்கிக்கொண்டே போனாள்.

பலகைக்குக் கீழே ஃபெர்னானின் உதடு அசைந்தது.

"ஒத்தக் காலு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

ஆடி முடித்தவர்கள் மதிப்பெண் வரும்வரை உட்கார ஒரு நீலப் பெஞ்சு உண்டு. அவரை அந்தப் பெஞ்சுவரை நடத்திக்கொண்டு வந்ததே கொராலிதான். மற்ற பயிற்சியாளர்கள் மதிப்பெண் பலகையில் எண் ஒளிர்வதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒலிபெருக்கி எண்களை வாசிக்க ஆரம்பித்தது. ஏழாம் இடம். தூரத்தில் உகெத், கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய போட்டி அதிகாரி ஒருவரோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். ஃபெர்னான் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுடைய வலது காலைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, பச்சை டையின் நுனியால் பிளேடில் இருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். குதிகாலிலிருந்து விரல் வரை ஒருமுறை. திருப்பி, மறுபக்கம். திருகாணிகளின் இடுக்கில் ஒருமுறை.

துடைத்து முடித்தார். கொராலி அந்தக் காலை இறக்கிவிட்டு, இடது காலைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள்.