யாருமே அசையல

அப்பா இன்னும் ஒரு மணி நேரம்தான் இருப்பார் என்று நான் போனில் சொன்னபோது, என் அண்ணன் உமேஷ் மைக்கில் எல்லோரையும் கை தட்டச் சொன்னான். இதை என் காதால் கேட்டேன். பதினோரு மாதம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவனோடு ஒரே வீட்டில் இருந்தேன்.

ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருவில் அவனுக்கு ‘டிஜே உமி’ என்றால்தான் தெரியும். கல்யாணத்துக்குப் போக மாட்டான், திருவிழாவுக்குப் போக மாட்டான். பிறந்தநாள் விழா மட்டும்தான். ஏன் என்று கேட்டால், “கல்யாணத்துல குடிச்சுட்டு வந்து மைக்கைப் புடுங்குவானுங்க. பசங்க ஜூஸ் குடிச்சுட்டு என் வயர் மேல வாந்தி எடுப்பாங்க. தொடச்சா முடிஞ்சுது” என்பான். இரண்டு ஸ்பீக்கர், ஒரு மிக்சர், லேப்டாப், நாலு கலர் விளக்கு, சோப்புக் குமிழி விடும் மெஷின் ஒன்று. சனி, ஞாயிறு இதையெல்லாம் ஒரு ஆட்டோவில் அடைத்துக்கொண்டு புறப்படுவான். பதினான்கு வருடமாக இதுதான் தொழில்.

குழந்தையின் பெயரை ஒரு துண்டு டேப்பில் எழுதி மிக்சரின் நெற்றியில் ஒட்டிவிடுவான். பெயரை மாற்றிச் சொல்லிவிடுவோமோ என்ற பயம். முதல் பிறந்தநாள் குழந்தை என்றால் பலூன் உடைக்க விட மாட்டான். ஐந்து, ஆறு வயதுக்காரர்களுக்கு ‘ஸ்டாச்சு’ ஆட்டம். பாட்டு ஓடும்வரை ஆட வேண்டும், நின்றால் நின்ற இடத்தில் சிலையாக வேண்டும். கை தூக்கியபடி, ஒற்றைக் காலில், வாயில் சிப்ஸோடு அப்படியே நிற்கும் குழந்தைகளைப் பார்த்து அவன் சிரிப்பது மைக்கில் கேட்கும்.

வேலை நேரத்தில் போன் ஏரோப்ளேன் மோடில் இருக்கும். அதற்கு அம்மாதான் காரணம். வெகு நாள் முன்பு போனிலிருந்து பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட, யோசிக்காமல் எடுத்துவிட்டான். “வர்றப்ப கொத்தமல்லி வாங்கினு வா, நேத்து மாரி வாடினது வாணாம்” என்று அம்மா லட்சுமம்மாவின் குரல் ஹால் முழுவதும் முழங்கியது. அதற்குப் பிறகு பார்ட்டி முடியும்வரை அவனைப் பிடிக்க முடியாது. எங்கள் எல்லோருக்கும் அது பழகிவிட்டது.

அப்பா ஆதிகேசவன் பீன்யா தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. வீட்டில் அண்ணன் ஸ்பீக்கர் சோதிக்கும்போது நானும் அம்மாவும் வெளியே ஓடுவோம். அப்பா மட்டும் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “நல்லா அடிக்குதுடா” என்பார். சனிக்கிழமை ஆனால் ஒரே கேள்வி: “இன்னிக்கு யாருக்குப் பொறந்தநாள்?” அண்ணன் டேப்பைக் காட்டுவான். அப்பா எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

போன ஜூன் மாதம் மூச்சுத் திணறல் என்று அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள், பதினான்காம் தேதி சனிக்கிழமை, காலையில் டாக்டர் வந்து, “பரவாயில்லை, நாளைக்கு வார்டுக்கு மாத்திடலாம்” என்றார். அதைக் கேட்டுவிட்டுத்தான் அண்ணன் கிளம்பினான். “அடுகோடி பக்கம்தான் வீணா, இருபது நிமிஷம். எட்டு மணிக்கு முடிச்சுட்டு ஓடி வந்துடறேன்.” அப்பா படுக்கையிலிருந்தே, “யாருக்குப் பொறந்தநாள்?” என்றார். “ஸ்ரீலக்ஷ்மின்னு ஒரு பாப்பா. ஆறு வயசு” என்று காதருகே குனிந்து சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மாலை ஆறரைக்கு எல்லாம் மாறிப்போனது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கூட இருக்கவேண்டியவர்களை வரச்சொல்லுங்கள், ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது என்றார். அப்பாவுக்கு நினைவு இருந்தது. “உமேஷ் வந்துட்டானா?” என்று ஆக்சிஜன் மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டார். நான் பதினோரு முறை போன் செய்தேன். பதினோரு முறையும் ஸ்விட்ச் ஆஃப். எந்த வீட்டுப் பார்ட்டி, எந்த அபார்ட்மென்ட் என்பது எனக்குத் தெரியாது.

ஏழு ஐந்துக்கு, பன்னிரண்டாவது முறை, மணி அடித்தது. எடுத்த சத்தம் கேட்டதும் ஹலோகூடச் சொல்லவில்லை.

“அண்ணா, அப்பாக்கு ரொம்ப சீரியஸ். ஒரு மணி நேரம்தான்னு டாக்டர் சொல்லிட்டாங்க. உன்னைத்தான் கேக்குறாரு. எல்லாத்தையும் அங்கயே போட்டுட்டு வா.”

என் குரலே பெரிதாகி எனக்குத் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவின் எதிரொலி என்று நினைத்தேன். பிறகு அந்தப் பக்கம் ஒரு அமைதி. அத்தனை பேர் இருக்கும் இடத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. அதற்குப் பின் அண்ணனின் குரல், மைக்கில், சிரித்தபடி:

“சூப்பர்! யாருமே அசையல! எல்லாரும் ஜோரா ஒரு கை தட்டுங்க பாக்கலாம்!”

தட்டினார்கள். முதலில் ஒருவர், பிறகு எல்லோரும். போன் துண்டிக்கப்பட்டது. மறுபடி கூப்பிட்டேன், ஸ்விட்ச் ஆஃப்.

அப்பா எட்டு பத்துக்குப் போனார். கடைசியில் பேச்சு குழறியது. “இன்னிக்கு யாருக்கு…” என்றார். நான், “ஸ்ரீலக்ஷ்மிக்குப்பா” என்றேன். எட்டு இருபத்தைந்துக்கு அண்ணன் ஓடி வந்தான். சட்டையில் ஜிகினாத் தூள் ஒட்டியிருந்தது. “இப்பதான் சொன்னாங்க வீணா. இப்பதான்…” என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பொய் சொல்லத் தெரிந்திருக்கிறதே என்றிருந்தது.

மறுநாள் கல்பள்ளி மயானத்தில் எல்லாம் முடிந்து வீடு திரும்பியதும் அவனிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசினேன். “நேத்து நல்லா கை தட்டினாங்களா?” அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். குற்றம் செய்தவன் குனிகிறான் என்று எடுத்துக்கொண்டேன். அன்று மாலை அந்தப் பார்ட்டிக்காரர் பத்ரிநாத், அண்ணன் விட்டுவிட்டு வந்த சாமான்களை ஒரு வயர்கூடக் குறையாமல் வண்டி வைத்து அனுப்பியிருந்தார். “நல்ல மனுஷங்க” என்றாள் அம்மா. மிக்சரில் ‘ஸ்ரீலக்ஷ்மி 6’ என்ற டேப் அப்படியே இருந்தது.

பிறகு அவனோடு தேவைக்கு மட்டும் பேசினேன். சாப்பாடு இருக்கிறது, கேஸ் வந்துவிட்டது, அம்மாவுக்கு மாத்திரை. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. காதால் கேட்டதை யாரிடம் போய் விசாரிப்பது? அம்மாவிடமும் சொல்லவில்லை. மூன்றாம் வாரமே அவன் மறுபடி ஆட்டோவில் பெட்டிகளை ஏற்றியபோது, இவன் கல்தான் என்று முடிவே செய்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை காலை அவன் குளித்துக்கொண்டிருந்தான். சார்ஜில் இருந்த அவன் போன் விடாமல் அடித்தது. எடுத்தேன்.

“டிஜே உமேஷ் இருக்காரா? நான் ஸ்ரீரஞ்சனி பேசறேன். போன வருஷம் எங்க பொண்ணு பர்த்டேக்கு வந்திருந்தார். இந்த வருஷமும் அவரேதான் வேணும்னு பிடிவாதம் பிடிக்கறா. வேற யாரையும் சொன்னா அழறா.”

தேதியைக் கேட்டேன். ஜூன் பதினாலு என்றார். அப்போது பின்னாலிருந்து ஒரு குழந்தையின் குரல் கேட்டது: “அம்மா, அவரோட அப்பா சரியாயிட்டாரான்னு கேளும்மா!”

“சும்மா இரு ஸ்ரீ!”

“நான் அவரோட தங்கச்சி. எங்க அப்பாக்கு உடம்பு சரியில்லன்னு உங்க குழந்தைக்கு எப்படித் தெரியும்?”

அவர் வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“நீங்கதானா அது? அந்த… ஸ்பீக்கர்ல பேசினது?”

“ஸ்பீக்கர்ல பேசினேனா?”

“எல்லாருக்கும் கேட்டுதும்மா. அறுபது பேருக்கும். அவருக்கு மட்டும்தான் கேக்கல. காதுல ஹெட்ஃபோன் போட்டுண்டிருந்தார்.”

குளியலறையில் அண்ணன் இன்னும் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது.

அவர் அழுதுகொண்டே சொன்னார். குழந்தை கேட்ட ஒரு பாட்டு அண்ணனின் லேப்டாப்பில் இல்லை. அதற்காகத்தான் போனில் நெட்டைப் போட்டுப் பாட்டை இறக்கி, போனை மிக்சரில் இணைத்திருக்கிறான். ஸ்ரீலக்ஷ்மி போன் பக்கத்திலேயே நின்று பாட்டின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் அழைப்பு வந்ததும் பாட்டு நின்றது. அவள் பச்சை வட்டத்தைத் தொட்டுவிட்டாள்.

“கேக்ல மெழுகுவத்தி ஏத்திண்டிருந்தோம். எங்காத்துக்காரர் போனைக் கட் பண்ணி ஏரோப்ளேன் மோட்ல போட்டுட்டு, கேக் வெட்டற வரைக்கும் யாரும் சொல்ல வேண்டாம்னுட்டார். குழந்தைக்கு அபசகுனமாயிடும்னு எங்க மாமனாரும்… அஞ்சு நிமிஷம்னுதான் நெனச்சோம். அப்புறம் போட்டோ, அப்புறம் ரிட்டர்ன் கிஃப்ட்… யார் சொல்றதுன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துண்டு எட்டு மணி ஆயிடுத்து. எங்கிட்ட வீடியோ இருக்கு. எத்தனையோ தடவை அழிக்கப் பாத்தேன். முடியல.”

“அனுப்புங்க” என்று என் நம்பரைக் கொடுத்தேன்.

இரண்டு நிமிட வீடியோ. குழந்தைகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டு நிற்கிறது. நிற்கிறார்கள்: கை தூக்கியபடி, ஒற்றைக் காலில். ஸ்டாச்சு ஆட்டம் என்று நினைத்துவிட்டார்கள். மேலே சோப்புக் குமிழிகள் மிதக்கின்றன. அந்தச் சிலைகளுக்கு நடுவே, “உன்னைத்தான் கேக்குறாரு” என்று என் குரல் வருகிறது. பெரியவர்களும் சிலையாகிறார்கள். மேசைக்குப் பின்னால் அண்ணன், இரண்டு காதையும் மூடிய ஹெட்ஃபோனோடு, லேப்டாப்பைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கிறான். அடுத்த பாட்டைத் தன் காதில் மட்டும் கேட்டுத் தயார் செய்கிறான். அப்போது வெளியே இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது. இது எனக்குத் தெரியாததல்ல. பதினோரு மாதத்தில் ஒரு நாள்கூட எனக்கு இது தோன்றவில்லை.

அவன் நிமிர்கிறான். அறுபது பேரும் அசையாமல் தன்னையே பார்ப்பதைப் பார்க்கிறான். முகம் மலர்கிறது. மிக்சரில் போனின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மைக்கை எடுக்கிறான். பட்டுச் சட்டை போட்ட ஒருவர் வாயில் விரல் வைத்துச் சுற்றிலும் பார்த்துவிட்டு, முதலில் கை தட்டுகிறார்.

அன்றிலிருந்து இரண்டு நாள் என்ன செய்வதென்று தெரியவில்லை. காட்டினால், அப்பாவைப் பார்த்திருக்கலாம் என்பது அவனுக்குத் தெரிந்துவிடும். காட்டாவிட்டால், நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனே கேட்டான்.

“என்னா வீணா, ரெண்டு நாளா கேக்காமலே டீ வருது? ஜாஸ்தி சக்கர வேற. எனக்கு ஏதாச்சும் பெரிய வியாதியா?”

“அண்ணா, அன்னிக்கு உனக்கு எப்ப சொன்னாங்க?”

அவன் சிரிப்பு நின்றது. “எட்டு மணிக்கு. இப்பதான் போன் வந்துதுன்னாங்க. ஏன்?”

“நான் ஏழு அஞ்சுக்கு சொன்னேன்.”

போனை அவன் கையில் கொடுத்தேன். முதல் முறை பார்த்தான். என் குரல் வந்த இடத்தில் அவன் கை தானாகத் தன் காதுக்குப் போனது. இரண்டாம் முறை பார்த்தான். கை தட்டச் சொல்லும் தன் முகத்தைப் பார்த்தான். “எல்லாரும் தட்டுறாங்க” என்றான், அவ்வளவு மெதுவாக. மூன்றாம் முறை பார்க்கும்போது ஓரிடத்தில் நிறுத்தினான்.

நான் கவனிக்காத இடம் அது. எல்லோரும் கை தட்டும்போது, மேசையோரத்தில் ரோஸ் கவுன் போட்ட அந்தக் குழந்தை மட்டும் தட்டவில்லை. அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். அவன் குனியாமல் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறான். மறுபடி இழுக்கிறாள். மறுபடி கட்டை விரல். மூன்றாம் முறையும் அப்படியே.

“பாட்டு கேக்குறான்னு நெனச்சேன் வீணா” என்றான். “அதே பாட்டைத் திரும்பக் கேக்குறான்னு நெனச்சு, திரும்பப் போட்டேன்.”

“அண்ணா, நான் உன்னை…”

“நீ அன்னிக்குக் கேட்டியே, நல்லா கை தட்டினாங்களான்னு. என் பொழப்பை நீ கிண்டல் பண்றதா நெனச்சேன். அப்பன் சாகுறப்ப கூத்தடிச்சேன்ல, கேக்கட்டும்னு சும்மா இருந்துட்டேன்.”

அவன் போனை என்னிடம் நீட்டி, “அந்தம்மாக்குப் போன் போடு” என்றான்.

சண்டை போடப் போகிறான் என்றுதான் நினைத்தேன். போட்டால் நானும் சேர்ந்துகொள்ளத் தயாராக இருந்தேன். ஸ்ரீரஞ்சனி எடுத்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவன், “மேடம், பாப்பாகிட்ட குடுங்க” என்றான். ஸ்பீக்கரில் போட்டு டீ டம்ளருக்குப் பக்கத்தில் போனை வைத்தான்.

“ஹலோ, டிஜே அங்கிள்?”

“ஆமா கண்ணு.”

“உங்க அப்பா சரியாயிட்டாரா?”

அண்ணன் அப்பாவின் படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“இல்லடா. செத்துப் போயிட்டாரு.”

“நான் உங்ககிட்ட சொன்னேனே. மூணு தடவை இழுத்தேன்” என்றாள்.

“ஆமா கண்ணு” என்றான் அண்ணன். “மூணு தடவ இழுத்த. நான் இப்பதான் பாத்தேன்.”